மலிவு விலையும் உரிமை விலையும்

வருஷந்தோறும் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையை அமெரிக்க மக்கள் நன்றி செலுத்தும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு மறுநாள் அந்நாட்டு வியாபாரிகள் நடத்தும் தள்ளுபடித் திருவிழாவுக்குக் 'கறுப்பு வெள்ளி' என்று பெயர். நம்மூர் ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடியைப் போன்றதே இதுவும். ஆனால் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய வேஷ்டி வாங்கினவனுக்குச் சொந்தம். கடைக்காரர் மறு வருஷம் வந்து, "புதுக் கொடியில் உலர்த்த வேண்டுமானால் இன்னும் பணம் கொடு" என்று கேட்பதில்லை. கடையே மூடிப்போனாலும் வேஷ்டி இடுப்பிலிருந்து மறைந்துவிடுவதில்லை. கறுப்பு வெள்ளியன்று விற்கப்படும் சரக்குகளில் ஒன்றுக்கு இவ்விரண்டு விபத்துக்களும் நேரக்கூடும். அச்சரக்கைக் குறித்தே இன்று எழுதப் புகுகிறோம்.

இக்காலத்தில் சங்கீதம் அமைப்போரில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரிலேயே தங்கள் வேலையை நடத்துகிறார்கள். 1996-ம் வருஷத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பர்க் கம்பெனியார், ஒலிப்பதிவு மென்பொருளுடன் வேறு சிறு கருவிகளைப் பொருத்திக் கொள்வதற்கான ஒரு முறையை வெளியிட்டனர். அப்படிப் பொருத்தப்படும் கருவிக்குப் 'பிளகின்' என்று பெயர். குரலைத் துலக்குவது, எதிரொலி சேர்ப்பது, ஓசையின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது முதலான காரியங்களுக்கு முன்னாளில் அலமாரி அலமாரியாக இயந்திரங்கள் வேண்டியிருந்தன. அவற்றின் வேலையை இன்று பிளகின்கள் செய்கின்றன.

'சாம்பிள் லைப்ரரி' என்பது இதற்கு உடன்பிறந்தது. ஒரு வித்துவானை உட்கார வைத்து, அவருடைய வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாகவும், நடுத்தரமாகவும், பலமாகவும் வாசிக்கச் செய்து, தனித்தனியே பதிவு செய்து அடுக்கி வைத்த ஒலிக் களஞ்சியமே அது. விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய பதிவு ஒலிக்கும். லண்டன் நகரத்து ஸ்பிட்ஃபயர் ஆடியோ கம்பெனியார் பி.பி.சி. சிம்பனி வாத்தியக் குழுவினரை மெய்டா வேல் ஒலிப்பதிவு நிலையத்தில் இவ்விதம் பதிவு செய்து, 2019-ம் வருஷத்தில் 999 டாலர் விலையில் வெளியிட்டனர். ஒரு முழு வாத்தியக் கோஷ்டியை ஓர் அறையில் உட்காரவைக்க வழியற்ற ஏழை இளைஞனுக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்பதை நாம் மறுக்கவில்லை.

அரசியல் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். தொழிலாளியின் கருவி யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி அரசியல் கேள்வியே என்பது நமது அபிப்பிராயம். தறி நெசவாளிக்குச் சொந்தமா, சாகுபடி செய்யும் நிலம் குடியானவனுக்குச் சொந்தமா என்று கேட்டவர்கள், பாட்டமைப்பவனுடைய கருவியைப் பற்றியும் கேட்டே தீரவேண்டும்.

அடித்துப் போட்ட விலை

முதலில் தள்ளுபடியின் தன்மையை ஆராய்வோம். இச்சந்தையில் எந்தக் கடையைப் பார்த்தாலும் ஒரு பெரிய எண் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு சிறிய எண் சிவப்பில் ஜொலிக்கும். 200 டாலர் என்று குறித்த பிளகின் 30 டாலருக்குக் கிடைக்கும். வாங்குகிறவன் 170 டாலர் லாபம் அடைந்ததாக எண்ணி மகிழ்கிறான். ஆனால் அதே சரக்கு சென்ற மாதமும் 30 டாலருக்கே விற்றது என்பதையும், அடுத்த மாதமும் அப்படியே விற்கும் என்பதையும் அவன் கவனிப்பதில்லை. வருஷத்தில் முக்கால் பாகம் தள்ளுபடியிலேயே விற்கும் சரக்குக்கு உண்மை விலை எது? தள்ளுபடி விலையே உண்மை விலை. அடித்துப் போட்ட எண் வெறும் அலங்காரம்.

ஐரோப்பிய யூனியனில் இந்த வித்தைக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். விலையைக் குறைத்ததாக விளம்பரம் செய்கிற வியாபாரி, அதற்கு முந்திய 30 நாட்களில் தான் வாங்கிய மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும் என்பது அதன் ஷரத்து. 2022-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி முதல் அது அமுலில் இருக்கிறது. தள்ளுபடிச் சதவிகிதத்தையும் அந்தக் குறைந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024-ம் வருஷம் செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நல்ல சட்டம், நல்ல தீர்ப்பு. எனினும் அச்சட்டம் கையால் தொடத்தக்க சரக்குகளுக்கே எழுதப்பட்டது. இணைய வழியாக இறங்கும் மென்பொருளை அது தொடுவதில்லை. ஆகவே, சட்டம் செய்யாத காரியத்தை வாங்குகிறவனே செய்துகொள்ள வேண்டும். ஒரு சரக்கின் மீது கண் வைத்ததும் அதன் விலையை ஒரு மாத காலம் குறித்து வரட்டும். அந்தக் குறிப்பு, விளம்பரக்காரருடைய சிவப்பு எண்ணைவிட யோக்கியமான சாட்சி.

அவசரத்துக்கு விலை உண்டு என்பதற்கு ஸ்பிட்ஃபயர் கம்பெனியாரே ஒரு வேடிக்கையான உதாரணம் தந்தனர். மேற்சொன்ன பி.பி.சி. களஞ்சியத்தின் சிறிய பதிப்பொன்றை அவர்கள் 2020-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். உடனே வேண்டுவோருக்கு 49 டாலர். ஒரு வினாத்தாளைப் பூர்த்தி செய்துவிட்டு 14 நாட்கள் காத்திருப்போருக்கு இலவசம். பதினான்கு நாள் பொறுமையின் விலை 49 டாலர் என்று இவ்வளவு பச்சையாக வேறு எந்த வியாபாரியும் கூறியதில்லை.

சுமைகூலிக் கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியோர் சொல்லுவர். இச்சந்தையில் அப்பழமொழிக்கு மூன்று விளக்கங்கள் உண்டு.

முதலாவது, களஞ்சியத்தைத் திறக்கும் சாவி. சாம்பிள் லைப்ரரிகளில் பல, பெர்லின் நகரத்து நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியாரின் 'கான்டாக்ட்' என்னும் மென்பொருளுக்குள் இயங்குவதற்காகவே செய்யப்பட்டவை. கான்டாக்டில் இலவசப் பதிப்பும் உண்டு, முழுப் பதிப்பும் உண்டு. சிறிய கம்பெனிகள் 20 டாலருக்கும் 30 டாலருக்கும் விற்கும் களஞ்சியங்களில் பெரும்பாலானவற்றுக்கு முழுப் பதிப்பு வேண்டும். இலவசப் பதிப்பில் திறந்தால் 15 நிமிஷம் ஒலித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். 2024-ல் வெளிவந்த கான்டாக்ட் எட்டாம் பதிப்பின் முழு விலையோ 299 டாலர். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இந்த நிபந்தனை குறித்திருக்கும். அதைப் படியாமல் வாங்கியவன் அங்குசத்தை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு யானைக்கு அலைவான்.

இரண்டாவது, காலத்தின் கூலி. 'நிரந்தர உரிமம்' என்று எழுதியிருப்பதைக் கண்டு நிரந்தரம் என்று நம்பிவிடலாகாது. 2019-ம் வருஷம் அக்டோபரில் ஆப்பிள் கம்பெனியார் வெளியிட்ட 'கேட்டலினா' என்னும் இயங்குதளத்தில், 32-பிட் முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் அடியோடு இயங்காமற் போயின. எழுதியவர்கள் புதுப்பித்துத் தந்த பிளகின்கள் பிழைத்தன, மற்றவை மாண்டன. உரிமப் பத்திரம் என்னவோ நிரந்தரமாகவே இருந்தது! புதுப்பித்தலுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் கம்பெனிகளும் உண்டு. 30 டாலர் கொடுத்து வாங்கியவன், ஓராண்டு கழிந்தபின் புதிய பதிப்பு வேண்டுமானால் மறுபடியும் பையைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, நம் நாட்டின் சுங்கச் சாவடி. வெளிநாட்டிலிருந்து இணைய வழியாகத் தனிமனிதர்கள் வாங்கும் இத்தகைய சேவைகளுக்கு 2017-ம் வருஷம் ஜூலை முதல் தேதி தொட்டு 18 சதவிகிதம் சரக்கு-சேவை வரி விதிக்கப்படுகிறது. விளம்பரத்தில் 100 டாலர் என்றிருப்பது, பணம் செலுத்தும் கட்டத்தில் 118 டாலர் ஆகும். டாலரை ரூபாயாக்கும் பாங்கியின் கழிவு அதற்கும் மேலே. இருபது சதவிகிதத் தள்ளுபடி என்று ஆனந்தப்படும் சென்னை இளைஞனுக்கு அத்தள்ளுபடி வாசற்படியிலேயே கரைந்துபோகிறது.

'ஆயுள்' எத்தனை வருஷம்?

இனி, இரண்டு உண்மைச் சரித்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கேக்வாக் என்ற பழைய கம்பெனி ஒன்று இருந்தது. 'சோனார்' என்னும் ஒலிப்பதிவு மென்பொருளை, பல பிளகின்களையும் உடன் சேர்த்து, அது விற்றுவந்தது. கிதார் வாத்தியத்துக்குப் பேர்போன கிப்சன் கம்பெனியார் 2013-ல் அதை விலைக்கு வாங்கினர். 2016-ம் வருஷத்தில், குறித்த கெடுவுக்குள் பணம் செலுத்துவோருக்கு ஆயுள் முழுவதும் புதுப்பித்தல் இலவசம் என்று அறிவித்தார்கள். இதைவிட மலிவு வேறென்ன வேண்டும் என்று பலர் வாங்கினார்கள். 2017-ம் வருஷம் நவம்பரில், அம்மென்பொருளின் அபிவிருத்தியை நிறுத்திவிட்டதாகக் கிப்சன் கம்பெனியார் அறிவித்தனர். ஆயுள் என்று சொல்லப்பட்டது வாங்கினவருடைய ஆயுள் அன்று, விற்றவருடைய ஆயுள். மறு வருஷத்தில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் கம்பெனியார் அம்மென்பொருளை விலைக்கு வாங்கி இலவசமாகவே வழங்கினார்கள். பணம் கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தனர்.

மற்றொன்று 'சீரம்' என்னும் பிளகின். அமெரிக்கரான ஸ்டீவ் டூடா தமது எக்ஸ்ஃபர் ரிக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் மூலம் 2014-ல் இதை வெளியிட்டார். விலை 189 டாலர். தள்ளுபடிக்குப் பேர்போன சரக்கன்று இது. மொத்தமாகக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாதம் 9.99 டாலர் வீதம் செலுத்திவந்து, முழு விலை தீர்ந்ததும் சொந்தமாக்கிக் கொள்ளும் ஏற்பாடும் பின்னர் வந்தது. ஏறக்குறைய 19 மாதத் தவணையில் கருவி கைக்கு வந்துவிடும். 2025-ல் 'சீரம் 2' வெளிவந்தபோது, பழைய பதிப்பை உடையவர்களுக்கு அது இலவசமாகவே கொடுக்கப்பட்டது. 2014-ல் 189 டாலர் கொடுத்தவன், பதினொரு வருஷத்தில் வருஷத்துக்குப் பதினேழு டாலரே செலவழித்தவனாகிறான். அந்நாளில் மலிவு என்று யாரும் சொல்லாத சரக்கு, கணக்குப் பார்க்கையில் எல்லாவற்றிலும் மலிவானதாக முடிந்தது.

இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். மலிவு என்பது விலைச் சீட்டில் எழுதியிருப்பதன்று. எத்தனை காலம் கருவி நம் கையில் நிற்கும் என்பதிலும், விற்றவர் சொன்ன சொல்லில் நிற்பாரா என்பதிலும் இருக்கிறது.

ஒரு கிளர்ச்சி, ஒரு வெற்றி

இத்துறையில் நடந்த ஒரு போராட்டம் நம் தொண்டர்கள் அறியத் தக்கது. 1992-ல் தொடங்கிய வேவ்ஸ் என்னும் இஸ்ரேல் நாட்டுக் கம்பெனி பிளகின் வியாபாரத்தில் முன்னோடி. உலகத்தின் ஒலிப்பதிவு நிலையங்களில் அதன் சரக்கு இல்லாத இடம் அரிது. 2023-ம் வருஷம் மார்ச்சு மாத இறுதியில், இனித் தங்கள் பிளகின்களை நிரந்தர உரிமத்தில் விற்கப்போவதில்லை என்றும், சந்தா கட்டுவோர் மட்டுமே அவற்றைப் பெறலாம் என்றும் அக்கம்பெனியார் திடீரென அறிவித்தனர். மாதச் சந்தா 14.99 டாலர், எல்லாம் வேண்டுமானால் 24.99 டாலர். முன்பே வாங்கியிருந்தவர்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளும் வழியும் அடைக்கப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். 24.99 டாலர் என்பது வருஷத்துக்குச் சுமார் 300 டாலர்; பதினொரு வருஷத்துக்குச் சுமார் 3,300 டாலர். அவ்வளவும் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாவது வருஷம் நிறுத்தினால், கையில் மிஞ்சுவது பூஜ்யம். பழைய பாட்டைத் திறந்தால் அதில் பயன்படுத்திய பிளகின்கள் இயங்கமாட்டா. தான் அமைத்த சங்கீதத்தைத் தானே திருத்துவதற்கு வாடகை கொடுக்க வேண்டிய நிலைமை இது. குடிவாரம் கட்டத் தவறிய குடியானவனை நிலத்தை விட்டு வெளியேற்றியதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் வாங்குவோர் இம்முறை வாளாவிருக்கவில்லை. பல நாடுகளிலுமுள்ள சங்கீதக்காரர்களும் ஒலிப்பதிவுக்காரர்களும் பகிரங்கமாக ஆட்சேபித்தார்கள். வேறு கம்பெனிகளின் சரக்குக்கு மாறப்போவதாக அறிவித்தார்கள். சில தினங்களுக்குள்ளாகவே வேவ்ஸ் கம்பெனியார் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நிரந்தர உரிமத்தையும் புதுப்பிக்கும் முறையையும் மீண்டும் ஏற்படுத்தினர். சந்தா முறை விரும்புவோருக்கு மட்டும் என்றாயிற்று. தலைவரும் இல்லாமல், சங்கமும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாதவர்கள் அடைந்த வெற்றி இது.

கம்பெனியார் பக்கத்து வாதத்தையும் கேட்பதே நியாயம். கம்ப்யூட்டர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய பிளகினைப் புதியதில் ஓடச் செய்வதற்கு ஆட்கள் வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு தடவை வாங்கிய முப்பது டாலரில் காலமெல்லாம் உழைக்க முடியுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. இரண்டு மாத வேலைக்கு மட்டும் நூறு கருவிகள் வேண்டுமென்பவனுக்குச் சந்தா அனுகூலமாகவும் இருக்கலாம். நாம் சந்தாவை எதிர்க்கவில்லை, நிர்ப்பந்தத்தையே எதிர்க்கிறோம். அன்றியும், முப்பது டாலர் போதாதென்றால் முப்பது டாலருக்கு விற்பானேன்? தள்ளுபடியால் ஆளைப் பிடித்துச் சந்தாவால் கட்டிப்போடும் முறையை வியாபார தர்மம் என்று நாம் ஒப்பமாட்டோம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வாங்கிய மென்பொருளை வேண்டாதபோது மற்றொருவருக்கு விற்கலாமா? ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி, யூஸ்டுசாஃப்ட் என்ற நிறுவனத்துக்கும் ஆரக்கிள் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், காலவரையறையில்லாத உரிமத்தோடு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் மென்பொருளை மறுபடியும் விற்கலாம் என்று தீர்மானித்தது. விற்பவன் தன்னிடமுள்ள பிரதியை உபயோகமற்றதாக்கிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் மின்னூல்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 2019-ல் கூறியது. நடைமுறையிலும், பிளகின்களை மாற்றித்தரச் சம்மதிக்கும் கம்பெனிகள் பல. சாம்பிள் லைப்ரரிகளை மாற்றித்தர மறுக்கும் கம்பெனிகளே அதிகம். ஆகையால் பிளகின் வாங்குகிறவனுக்குத் தப்பிக்க ஒரு சிறு வாசல் உண்டு. லைப்ரரி வாங்குகிறவனுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 2025-ம் வருஷம் ஜனவரி முதல் ஒரு சட்டம் அமுலுக்கு வந்திருக்கிறது. விற்றபின் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்குக' என்று விளம்பரம் செய்கிறவர், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு தடையின்றி உபயோகிக்கத்தக்க சரக்குக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். சொந்தத்துக்கும் குத்தகைக்கும் உள்ள பேதத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. நமது சட்டசபைகளிலும் இவ்விஷயம் பிரஸ்தாபிக்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டுவது என்ன?

தள்ளுபடியை நாடும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுதான். வேண்டிய கருவிகளின் ஜாபிதாவை நவம்பருக்கு முன்பே எழுதி வையுங்கள்; அந்த ஜாபிதாவில் இல்லாததைச் சும்மா கொடுத்தாலொழிய வாங்காதீர்கள். பரீட்சைப் பதிப்பை இறக்கி, உங்கள் கம்ப்யூட்டரில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். முழுக் கான்டாக்ட் வேண்டுமா, உரிமத்தை மாற்றித் தருவார்களா, புதுப்பித்தலுக்குக் கட்டணம் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே பணத்தை எடுங்கள். பெரிய தொகுதிகளுக்குக் கறுப்பு வெள்ளியோடு கோடைத் தள்ளுபடியும் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் மற்றொன்று வரும். 'இன்றே கடைசி' என்று கூவுகிறவர் நாளையும் கூவுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இலவசமாகவும் சுதந்திரமாகவும் கிடைப்பவற்றை முதலில் கையாண்டு பாருங்கள். ஒரு காலத்தில் விலைக்கு விற்ற 'சர்ஜ்' என்னும் பிளகினை அதன் ஆசிரியர் 2018-ல் மூலநிரலோடு உலகத்துக்குப் பொதுவாக்கிவிட்டார். தொண்டர்கள் பலர் இன்றுவரை அதை வளர்த்து வருகிறார்கள். 2020-ல் வந்த 'வைட்டல்' என்னும் பிளகினுக்கு இலவசப் பதிப்பு உண்டு. 'ரீப்பர்' என்ற முழு ஒலிப்பதிவு மென்பொருளுக்குத் தனிமனிதர் உரிமம் 60 டாலரே. இவையெல்லாம் இருக்கையில் திருட்டுப் பிரதியைத் தேடுவதற்கு ஏழ்மை ஒரு சமாதானமாகாது. சொந்தக் கருவிக்காகப் போராடுகிறவன் பிறர் உழைப்பைத் திருடினால் அவனுடைய வழக்கே தோற்றுப்போகும்.

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. 'இந்தியா' என்ற பெயரிலேயே நம் நாட்டு வாத்திய ஒலிகளைத் தொகுத்துப் பெர்லின் கம்பெனி விற்கிறது. நம் இளைஞர் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். பருத்தி இங்கிருந்து போய்த் துணியாகத் திரும்பி வந்த கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. அக்கம்பெனியார்மீது கோபித்துப் பயனில்லை. நாம் செய்யாததை அவர்கள் செய்தார்கள். அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலை, 1997 முதல் மேல்நாட்டு வாத்தியங்களின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, யாரும் எந்தக் கட்டுப்பாடும் இன்றிக் கையாளலாம் என்று உலகுக்கு வழங்கியிருக்கிறது. அண்ணாமலை சர்வகலாசாலையும், சென்னையிலுள்ள இசைப் பல்கலைக்கழகமும், 1943-ல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வீணைக்கும் இதைச் செய்தால் என்ன? வித்துவான்களுக்குத் தக்க சன்மானம் கொடுத்து, தனிச் சுரங்களோடு கமகங்களையும் சேர்த்துப் பதிவு செய்து, பொதுச் சொத்தாக வெளியிடட்டும். விசைப்பலகையின் பன்னிரண்டு கட்டைகளுக்குள் நம் கமகம் அடங்காது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

அந்த நாள் வரும்வரையில் தள்ளுபடியில் வாங்குவதை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் வாங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: பத்து வருஷம் கழித்து இந்தக் கருவி என் கையில் இருக்குமா? இருக்குமென்றால் விலை சற்று ஏறினாலும் வாங்குக. இராதென்றால், எவ்வளவு மலிவானாலும் அது வாடகைதான்.